பரந்தூர்: ஏக்கர் கணக்கு வேற, தண்ணி கணக்கு வேற

சென்னைக்கு ரெண்டாவது ஏர்போர்ட்டா காஞ்சிபுரம் பக்கம் வரப்போற பரந்தூர் ஏர்போர்ட்டுக்கு மொத்தம் தேவைப்படற நிலம் சுமார் 5,746 ஏக்கர். இதுல 3,774 ஏக்கர் பட்டா நிலம், மீதி 1,972 ஏக்கர் அரசு நிலம். நியூஸ்ல, டிபேட்ல, டீக்கடையில எல்லாரும் அந்த 3,774-ஐப் பிடிச்சுக்கிட்டுத்தான் சண்டை போடறாங்க, ஏக்கருக்கு எவ்ளோ, கைட்லைன் வேல்யூ எவ்ளோ, யாரு கையெழுத்து போட்டாங்க யாரு போடலன்னு. அந்த 1,972-ஐ யாரும் கண்டுக்கறதே இல்ல, ஏன்னா அது "அரசு நிலம்"தானே, யாருக்கும் காசு குடுக்க வேணாம், கேஸ் போட ஆள் இல்ல, பேப்பர்ல பார்த்தா மூணுல ஒரு பங்கு இடம் ஓசியில கிடைச்ச மாதிரி. ஆனா காஞ்சிபுரம் பக்கம் அரசு நிலம்னா என்னன்னு அந்த ஊர்க்காரங்களைக் கேட்டா தெரியும், ஏரி, குளம், தாங்கல்னு சொல்ற சின்ன ஏரி, வரத்துக் கால்வாய், ஆடு மாடு மேயற மேய்க்கால் புறம்போக்கு. அதாவது அந்த பட்டா நிலத்தை விளைய வெக்கறதே இந்த "சும்மா கிடக்கற" நிலம்தான்.

இதை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி இதுக்கே திரும்பி வரேன்.

முதல்ல ஏன் இன்னொரு ஏர்போர்ட்டுன்னு பார்த்துடலாம், ஏன்னா "மீனம்பாக்கமே போதும்"னு சொல்றதும் முழுசா சரியில்ல. மீனம்பாக்கத்துல ரெண்டு ரன்வே இருக்கு, ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போகுது. ஒண்ணுல விமானம் இறங்கறப்போ இன்னொண்ணுல தாராளமா ஏத்த முடியாது, அதனால பேருக்கு ரெண்டு, வேலைக்கு ஒண்ணரைன்னு வெச்சுக்கலாம். பெங்களூருல ரெண்டும் பக்கத்து பக்கத்துல இணையா ஓடற ரன்வே, ரெண்டாவது 2019 டிசம்பர்ல வந்துச்சு. சென்னையில அப்படி இணையா போட இடம் எங்க இருக்கு? ஒரு பக்கம் பரங்கிமலை, ஒரு பக்கம் பல்லாவரம் பம்மல், இந்தப் பக்கம் கொளப்பாக்கம், நடுவுல அடையாறு. ரெண்டாவது ரன்வேயை நீட்டறதுக்கே அடையாறு மேல பாலம் கட்டித்தான் நீட்டுனாங்க, அதோட கதையை கீழ சொல்றேன். ஒரு காலத்துல மும்பை டெல்லிக்கு அடுத்து சென்னைதான், இப்போ பெங்களூரு, ஹைதராபாத் ரெண்டும் தாண்டிப் போயாச்சு. 2024-25ல பெங்களூரு நாலு கோடி பயணிகளைத் தாண்டிடுச்சு, சென்னை அதுல பாதி சொச்சம்தான். அதனால அரசாங்கத்துக்கு இருக்கற அவசரம் நிஜமான அவசரம்தான், அதை நான் மறுக்கல.

பரந்தூர் எப்படி வந்துச்சுன்னா, படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர்னு நாலு இடம் பார்த்து, பன்னூரா பரந்தூரான்னு ரெண்டுக்குள்ள வந்து நின்னு, 2022 ஆகஸ்ட்ல பரந்தூர்னு அறிவிச்சாங்க. 2024ல மத்திய அரசோட இட அனுமதி, 2025 ஏப்ரல்ல கொள்கை அளவிலான ஒப்புதல். முடிஞ்சதும் வருஷத்துக்கு 10 கோடி பேர் வரைக்கும் வந்து போற மாதிரி பிளான். வேலையைப் பார்க்கறது தமிழ்நாடு அரசோட தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ. சென்னையில இருந்து சுமார் 70 கிலோமீட்டர், பூந்தமல்லியில இருந்து சுங்குவார்சத்திரம் வழியா மெட்ரோவை நீட்டறதுக்கும் திட்டம் இருக்கு, பக்கத்துலயே பெங்களூரு எக்ஸ்பிரஸ்வே. மேப்ல பார்த்தா உண்மையிலயே அம்சமான இடம். சமதளம், ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் ஃபாக்டரி எல்லாம் கைக்கெட்டற தூரம்.

ஆனா சமதளம்னா என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. தண்ணி நிதானமா பரவி நிக்கற இடம்னு அர்த்தம். அதனாலதான் பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கே ஏரி மாவட்டம்னு பேரு. பல்லவர் காலத்துல இருந்தே இங்க விவசாயம்னா ஏரிப்பாசனம்தான், காவேரி மாதிரி பெரிய ஆறு நம்பி இல்ல, பாலாறும் வருஷம் பூரா ஓடற ஆறு இல்ல. மழை பெய்யற ரெண்டு மூணு மாசத்துல ஓடறதை அங்கங்க மறிச்சு நிறுத்தி வெச்சுக்கணும், அவ்ளோதான் டெக்னிக்.

இந்த ஏரிங்க தனித்தனி தொட்டி கிடையாது. மேல இருக்கற ஏரி ரொம்பினா கலங்கல் வழியா வழிஞ்சு அடுத்த ஏரிக்கு, அது ரொம்பினா அதுக்கு அடுத்ததுக்கு, இப்படி சங்கிலி மாதிரி. அந்த சங்கிலியில முக்கியமான ஒண்ணு கம்பன் கால்வாய். கம்பவர்மன்ங்கற பல்லவ ராஜா வெட்டினதுன்னு சொல்றாங்க. பாலாத்துத் தண்ணியை வாங்கி சுமார் 43 கிலோமீட்டர் ஓடி, வழியில எண்பத்தஞ்சு ஏரிக்கிட்ட தண்ணி குடுத்து, கடைசியில ஸ்ரீபெரும்புதூர் ஏரியில போய் விழுது, அங்க இருந்து உபரி செம்பரம்பாக்கம் பக்கம். இந்தக் கால்வாய் ஏர்போர்ட் இடத்துக்குள்ள சுமார் 7 கிலோமீட்டர் போகுது. 43ல 7தானேன்னு தோணும், ஆனா சங்கிலியில நடுக் கண்ணி அறுந்தா மேல இருக்கறவனுக்கு வயல்ல தண்ணி நிக்கும், கீழ இருக்கறவனுக்கு தண்ணியே வராது. கீழ இருக்கறவன் ஊரு ஏர்போர்ட்டுக்கு நிலம் எடுக்கற 20 கிராம லிஸ்ட்லயே இருக்காது, அவனுக்கு நோட்டீஸும் வராது, இழப்பீடும் வராது. நான் ஏக்கர் கணக்கு வேற தண்ணி கணக்கு வேறன்னு சொல்றது இதைத்தான், ஏர்போர்ட்டால பாதிக்கப்படறவங்கன்னு அரசாங்கம் எண்றது வேலிக்கு உள்ள இருக்கறவங்களை, தண்ணிக்கு வேலி தெரியாது.

இந்த மாதிரி ப்ராஜெக்ட் எதுல கேட்டாலும் ரெடியா ஒரு பதில் இருக்கும், கால்வாயை சுத்தித் திருப்பி விட்டுடுவோம், போற ஏரிக்கு பதிலா மத்த ஏரியை ஆழப்படுத்திடுவோம்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. இதுல ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு, ஏரியில இருந்து வயலுக்கு தண்ணி போறது மதகு வழியா, மதகு ஒரு மட்டத்துல இருக்கும். அந்த மட்டத்துக்குக் கீழ நீங்க எவ்ளோ தோண்டினாலும் அந்தத் தண்ணி தானா வயலுக்கு ஏறாது, மோட்டார் போட்டுத்தான் இறைக்கணும். கிணத்துல ஊறும், மாடு குடிக்கும், மீன் குத்தகைக்கு ஆகும், ஆனா ஆயக்கட்டுக்கு, அதாவது அந்த ஏரியை நம்பி இருக்கற வயலுக்கு, ஒரு சொட்டு கூடுதலா பாயாது. கொள்ளளவு இத்தனை மில்லியன் கன அடி ஏத்திட்டோம்னு ரிப்போர்ட்ல எழுதிக்கலாம், பொய்யும் இல்ல. திருப்பி விடற கால்வாயும் அப்படித்தான், சமதளத்துல வாட்டம் ரொம்பக் கம்மி, பழைய கால்வாய் எந்த மட்டத்துல எந்த ஏரிக்குப் போய் விழுந்துச்சோ அதே மட்டத்துல புதுசும் விழணும், சுத்தி வர்றதால தூரம் அதிகமாகும், தூரம் கூடினா வாட்டம் இன்னும் குறையும், அப்புறம் தண்ணி நகராது, அங்கங்க தேங்கும். நீர்நிலைங்க விஷயத்தை ஆராய ஓய்வுபெற்ற ஐஏஎஸ் மச்சேந்திரநாதன் தலைமையில அரசே ஒரு குழு போட்டதுல இருந்தே தெரியுது, இது ஊர்க்காரங்க கிளப்பிவிட்ட பிரச்சனை இல்லன்னு.

இன்னொரு கணக்கு போடலாம், சிம்பிள் கணக்குதான். ஒரு ஏக்கர்ல ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா சுமார் 40,000 லிட்டர். 5,746 ஏக்கர்ல 10 சென்டிமீட்டர் பெஞ்சா சுமார் 230 கோடி லிட்டர். நவம்பர்ல புயல் வந்தா ஒரே ராத்திரியில 10 சென்டிமீட்டர் பெய்யறது இந்தப் பக்கம் ஒண்ணும் அதிசயம் இல்ல. சென்னைக்கு ஒரு நாளைக்கு விநியோகம் பண்ற தண்ணி சுமார் 100 கோடி லிட்டர்னு வெச்சா, இது ரெண்டு நாளைக்கு மேல வரும். இப்போ அந்த மழைத்தண்ணி வயல்ல, ஏரியில, மண்ணுல கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. ஏர்போர்ட் வந்தா முழுக்க கான்கிரீட் ஆகாதுதான், புல்தரையும் நிறைய இருக்கும், ஆனா ரன்வேல தண்ணி நின்னா ஃபிளைட் வழுக்கும், அதனால ஏர்போர்ட் டிசைனோட அடிப்படையே தண்ணியை எவ்ளோ சீக்கிரம் வெளிய தள்றதுங்கறதுதான். ஏரியோட வேலை தண்ணியை நிறுத்தறது, ரன்வேயோட வேலை தண்ணியைத் துரத்தறது. வெளியன்னா எங்க? கிழக்கால, ஸ்ரீபெரும்புதூர், செம்பரம்பாக்கம் பக்கம்.

செம்பரம்பாக்கம்னு சொன்னதும் 2015 ஞாபகம் வருதா. டிசம்பர் 1 ராத்திரி ஏரியில இருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்து விட்டாங்க, அடையாறு பொங்கிச்சு, அந்த அடையாறு மேல பாலம் போட்டு நீட்டுன மீனம்பாக்கம் ரன்வே முழுகிச்சு, ஏர்போர்ட்டை நாலஞ்சு நாள் மூடி வெச்சாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்பவும் மூட வேண்டியதாச்சு. இப்போ பாருங்க, வெள்ளத்துல முழுகற ஏர்போர்ட்டுக்கு மாத்தா, அந்த வெள்ளம் எந்தப் பக்கத்துல இருந்து கிளம்பி வருதோ அந்தப் பக்கத்துல நீரை நிறுத்தி வெச்சிட்டிருக்கற ஏரிங்க மேல புது ஏர்போர்ட் வருது. அடையாறு பக்கத்துல முகலிவாக்கத்துல, மணப்பாக்கத்துல அப்பார்ட்மெண்ட் வாங்கினவங்க பரந்தூர் நமக்கு சம்பந்தமில்லாத விவசாயிங்க பிரச்சனைன்னு நினைச்சுட்டு இருந்தா, ஒரு தடவை அந்த மேப்பைப் பார்க்கறது நல்லது.

மண் விஷயம் இன்னும் யாரும் பேச ஆரம்பிக்கல. தாழ்வான இடத்தை ஒசத்தாம ரன்வே போட முடியாது. எவ்ளோ ஒசத்துவாங்கன்னு டிசைன் வந்தாத்தான் தெரியும், சும்மா ஒரு அளவுக்கு, பாதி இடத்தை மட்டும் ஒரு மீட்டர் ஒசத்தினா ஒரு கோடி கன மீட்டருக்கு மேல மண் வேணும். ஒரு டிப்பர்ல 15 கன மீட்டர்னு வெச்சா ஏழு லட்சம் லோடுக்கு மேல. நவி மும்பையில உல்வே குன்றை வெட்டி அதை வெச்சே நிரப்பினாங்க, உல்வே ஆத்தையும் திருப்பி விட்டாங்க, அந்த வேலை நடக்கும்போதே பக்கத்துல டுங்கின்னு ஒரு கிராமத்துக்குள்ள மழைக்காலத்துல தண்ணி புகுந்துச்சு, அந்த ஊரு ஆரம்பத்துல எடுக்கற ஊரா கூட இல்ல. பரந்தூர்ல வெட்டறதுக்கு குன்று இல்ல, மண்ணு வெளிய இருந்துதான் வரணும். வாலாஜாபாத், உத்திரமேரூர் ரோட்ல ஏற்கனவே கல்குவாரி லாரிக்கு பயந்து பயந்துதான் பசங்க சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போறாங்க.

சரி, காசுக்கு வருவோம். நிலம் எடுக்கறது 2013 மத்திய சட்டத்துல இல்ல, 1997ல தமிழ்நாடு போட்ட தொழில் நோக்கத்துக்கான நில எடுப்பு சட்டத்துல. இதுல சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது யாரு யாரு எப்படி எப்படி பாதிக்கப்படுவாங்கன்னு முன்னாடியே உக்காந்து கணக்கெடுக்கற வேலை கட்டாயம் இல்ல. 2019ல ஹைகோர்ட் இதை செல்லாதுன்னு சொல்லி, உடனே அரசு புதுசா ஒரு சட்டம் போட்டு உயிர் குடுத்து, 2021ல சுப்ரீம் கோர்ட்டும் சரின்னுடுச்சு. இழப்பீடு 2025ல அறிவிச்சது ஏக்கருக்கு 35 லட்சத்துல இருந்து 2.57 கோடி வரைக்கும். ஜூலைல முதல் தடவையா 19 பேர் சுமார் 17 ஏக்கரை எழுதிக் குடுத்தாங்க. 35 லட்சம்னா கேக்க பெருசாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, வகுத்துப் பாருங்க, சதுர அடி 80 ரூபா. சுங்குவார்சத்திரம் பக்கம் லேஅவுட் போட்ட மனை எல்லாம் நாலு இலக்கத்துல போகுது. நஞ்சையையும் ரோடு போட்ட மனையையும் ஒப்பிடக் கூடாதுதான், ரோடு பார்க்குன்னு நிறைய இடம் போயிடும், ஒத்துக்கறேன். ஆனா இழப்பீடு வாங்கினவரு அடுத்து நிலம் தேடப் போறது இந்த மார்க்கெட்லதானே, இவரு வித்தது ஏர்போர்ட் வர்றதுக்கு முன்னாடி விலைக்கு, வாங்கப் போறது ஏர்போர்ட் வந்த பின்னாடி விலைக்கு.

அதுலயும் பட்டா இருக்கறவரு பாக்கியசாலி. விளைச்சல்ல பங்கு குடுத்து வாரத்துக்கு அடுத்தவர் நிலத்தை ஓட்டறவரு பேரு எந்த ரெக்கார்டுலயும் இருக்காது, பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். நடவுக்கும் களையெடுக்கவும் போற பொம்பளைங்க, மேய்க்கால்ல ஆடு மாடு ஓட்டறவங்க, ஏரியில மீன் பிடிக்கறவங்க, இவங்க எல்லாருக்கும் வாழ்க்கை ஓடறது அந்த 1,972 ஏக்கரை நம்பித்தான். குடும்பத்துக்கு ஒரு வேலை பத்தி அமைச்சருங்க பேசினாங்க, நல்லது, ஆனா ஏர்போர்ட்ல என்ன வேலை இருக்குன்னு பார்த்தா, செக்யூரிட்டி மத்தியப் படை, டெக்னிக்கல் வேலைக்கு லைசென்ஸ் வேணும், மிச்சம் ஹவுஸ்கீப்பிங், டிராலி தள்றது, லோடிங், எல்லாம் கான்ட்ராக்ட்ல. அம்பது வயசுல ஏத்தம் இறக்கம் தெரிஞ்ச, மதகு எப்போ திறக்கணும்னு தெரிஞ்ச ஒரு மனுஷன் அங்க போய் டிராலி தள்ளுவாரா? அவரு புள்ள தள்ளலாம். இந்தப் பகுதி இதை ஏற்கனவே ஒரு தடவை பார்த்திருக்கு, ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா வந்து ஊரே மாறிடும்னு சொன்னாங்க, மாறவும் செஞ்சுது, ஹோட்டல் வந்துச்சு, வாடகை ஏறிச்சு, ரூம் கட்டி விட்டாங்க, 2014 நவம்பர்ல மூடிட்டாங்க. அப்புறம் வேற கம்பெனிங்க வந்தது வேற கதை.

இது 5,746 ஏக்கரோட முடியுமான்னா, அங்கதான் தேவனஹள்ளியைப் பார்க்கணும். 2008 மே மாசம் பெங்களூரு ஏர்போர்ட் திறந்தாச்சு, எடுத்த நிலம் சுமார் 4,000 ஏக்கர், முடிஞ்சு போச்சுன்னு நினைச்சாங்க. அதுக்கு அப்புறம் 13, 14 வருஷம் கழிச்சு, ஏர்போர்ட்டு பக்கத்துல ஏரோஸ்பேஸ் பார்க்குன்னு சன்னராயபட்டண ஹோப்ளியில (நம்ம ஊரு பிர்கா மாதிரி) 13 கிராமத்துல இன்னும் 1,777 ஏக்கர் எடுக்க நோட்டீஸ் வந்துச்சு. அந்த மக்கள் மூணு வருஷத்துக்கு மேல உக்காந்து போராடி, 2025 ஜூலைல சித்தராமையா கைவிடறோம்னு அறிவிச்சாரு. புவிசார் குறியீடு வாங்கின தேவனஹள்ளி சக்கோத்தா, நம்ம பம்பளிமாஸ் தான், அந்தத் தோப்புல நிறைய மனையா போயிடுச்சு. ஏர்போர்ட் எப்பவும் தனியா வராது, பின்னாடி குடோன், ஹோட்டல், கார்கோ, ஐடி பார்க்குன்னு ஒரு ஊர்வலமே வரும். சென்னை பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904க்கு ஏத்தினது 2022 அக்டோபர்ல, பரந்தூர் அறிவிச்சு ரெண்டு மாசத்துல. 100 ஹெக்டேருக்கு மேல போற திட்டத்துல நீர்நிலை இருந்தா அதையும் சேர்த்து ஒருங்கிணைச்சுக் குடுக்கறதுக்குன்னே ஒரு சட்டம் 2023 ஏப்ரல்ல விவாதமே இல்லாம நிறைவேறுச்சு. ரெண்டையும் தனித்தனியா படிச்சா வெறும் அரசாணை மாதிரிதான் இருக்கும்.

பறவையை விட்டுட்டேன். ஏரி இருந்தா கொக்கு, நாரை, நீர்க்காகம் வரும், ஏர்போர்ட்டுக்கு பறவைன்னா எமன். சுத்தி 10 கிலோமீட்டருக்கு குப்பை கொட்டக் கூடாது, வெளிய ஆடு மாடு வெட்டக் கூடாதுன்னு விமான விதியே இருக்கு. அதாவது வேலிக்கு வெளிய தப்பிச்ச ஏரியிலயும் தண்ணி நிறைஞ்சு பறவை வந்தா அது ஏர்போர்ட் கண்ணுக்கு ஆபத்து. தப்பிச்ச ஏரியை ஆழப்படுத்தி நிறைய தண்ணி நிறுத்தறோம்ங்கற வாக்குறுதியும், பறவை வரக் கூடாதுங்கற விதியும் எப்படி ஒண்ணா இருக்கும்னு எனக்குப் புரியல.

எல்லாத்தையும் விட மோசம் நடுவுல தொங்கறதுதான். "வரப்போகுது"ன்னு சொன்ன நாள்ல இருந்தே ஏர்போர்ட் வேலை செய்ய ஆரம்பிச்சுடுது, செங்கல் வைக்க வேணாம். நிலம் எடுக்கற ஊருங்கள்ல ஒண்ணான ஏகனாபுரத்துல 2022ல ஆரம்பிச்ச போராட்டம் ஆயிரம் நாளைத் தாண்டிச்சு, பகல்ல வேலைக்குப் போயிட்டு ராத்திரி வந்து உக்காருவாங்க, கிராம சபையில திரும்பத் திரும்ப தீர்மானம், 2024 எம்பி எலெக்ஷன்ல பூத்துக்கு கிட்டத்தட்ட யாருமே போகல, 2025 ஜனவரில விஜய் வந்துட்டுப் போனாரு. நோட்டிஃபிகேஷன் விழுந்த நிலத்தை வாங்க ஆள் வராது, வீட்டை இடிச்சுக் கட்டலாமா வேணாமான்னு முடிவெடுக்க முடியாது, போர் போடலாமான்னு யோசிக்கணும். இந்த மாதிரி தொங்கறது எவ்ளோ நாள் போகும்னா, கனடாவுல பிக்கரிங்னு ஒரு ஊரு, டொரன்டோ பக்கம், நம்ம தமிழ் ஆளுங்க நிறைய இருக்கற ஏரியா, அங்க 1972ல ஏர்போர்ட்டுக்குன்னு 18,600 ஏக்கர் எடுத்தாங்க. குடும்பம் குடும்பமா வெளிய அனுப்பினாங்க. 2025 ஜனவரில, 53 வருஷம் கழிச்சு, ஏர்போர்ட் கட்டலன்னு அறிவிச்சாங்க. அதே கனடாவுல மாண்ட்ரியல்ல மிராபெல்னு 1975ல கட்டியே முடிச்சாங்க, பழைய டோர்வால் ஏர்போர்ட்டையும் மூடாம வெச்சிருந்தாங்க, ஜனங்க தூரமா இருக்கற புதுசுக்குப் போக மாட்டேன்னுட்டாங்க, 2004ல பயணிகள் விமானம் நின்னே போச்சு. பரந்தூர் வந்தாலும் மீனம்பாக்கம் ஓடும்னு நம்ம அரசும் சொல்லியிருக்கு. தேவனஹள்ளி ஜெயிச்சதுக்கு ஒரு காரணம் பழைய ஹெச்ஏஎல் ஏர்போர்ட்டை அன்னைக்கே ரெகுலர் பயணிகள் விமானத்துக்கு மூடினதுதான், ஹைதராபாத்லயும் பேகம்பேட்டை அப்படித்தான். பரந்தூருக்கு மெட்ரோ வர்றதுக்கு முன்னாடி ஏர்போர்ட் திறந்தா, தாம்பரத்துல இருக்கற ஆளு மீனம்பாக்கத்தை விட்டுட்டு அவ்ளோ தூரம் போவாரா என்ன.

இனிமே சுற்றுச்சூழல் அறிக்கை, டிசைன்னு ஆயிரம் பக்கத்துக்கு பேப்பர் வரும், டெர்மினல் படம் தாமரை மாதிரியோ கோபுரம் மாதிரியோ கலர் கலரா போடுவாங்க, எல்லாரும் அதை ஷேர் பண்ணுவாங்க. நான் தேடப் போறது ஒரே ஒரு நம்பரை. அந்த 7 கிலோமீட்டர் கம்பன் கால்வாய்க்கு மாத்தா வர்ற புதுக் கால்வாய், ஏர்போர்ட்டைச் சுத்தி வந்து பழைய கால்வாயோட சேர்ற இடத்துல அதோட அடிமட்டம் கடல் மட்டத்துல இருந்து எத்தனை மீட்டர், பழசு அதே இடத்துல எத்தனை மீட்டர்.